முற்றுகையும் புரட்சியும்

புரட்சிகள் யாவும் ஈற்றிற் சிறைச்சாலைகளிலேயே போய் முடிகின்றன என்று எழுதுவது எமது நாளேடுகளுக்கு நெடுநாளைய வழக்கம். பிரான்சில் அவ்வாறு முடிந்தது, ருஷ்யாவில் முடிந்தது, கியூபாவிலும் முடிந்தது. ஆகவே சிறிய நாடொன்றின் மக்கள் நிலமும் உரிமையும் வேண்டி எழும்போது, முடிவு இன்னதென்று முன்னரே தெரிந்துகொண்டு வீட்டிலிருப்பதே விவேகம் என்பது அவர்தம் உபதேசம். இதற்கு மறுமொழியாக எமது அணியினரிடமிருந்து எழும் குரலும் நெடுநாளாக மாறவில்லை. யாவற்றுக்கும் காரணம் ஏகாதிபத்தியமே. முற்றுகைக்குள் அகப்பட்ட அரசின்மீது குறை கூறுவோர் எதிரியின் கையாட்கள் என்பதே அக்குரல். முதற் கூற்றில் வல்லரசு என்றொன்று உலகில் இருப்பதாகவே தெரியவில்லை. இரண்டாவதில் வல்லரசைத் தவிர வேறெதுவும் இல்லை. மாணவர் முன் நாள்தோறும் நின்று பேசவேண்டிய நாம் இவற்றுள் எதையும் வாய்பாடு போல ஒப்பிக்க முடியாது.

இரண்டையும் உரைத்துப் பார்க்கக் கியூபாவிலும் தக்க உரைகல் இல்லை. எனினும் கியூபாவின் கதையை 1959 இல் தொடங்குவோர் பாதி வழியிற் புகுந்தோரே ஆவர். ஸ்பானியரின் ஆட்சியினின்று அத்தீவு விடுபட்ட வேளையிலேயே அமெரிக்கப் படை அங்கு வந்திறங்கிவிட்டது. 1901 இல் பிளாற் திருத்தம் எனப்படும் ஏற்பாடு கியூபாவின் அரசியலமைப்பினுள்ளேயே புகுத்தப்பட்டது. தான் விரும்பும்போது அந்நாட்டின் விவகாரங்களில் தலையிடும் உரிமையை அமெரிக்கா அதனாற் பெற்றது. 1903 இல் குவாந்தனாமோக் குடாவில் தளம் கிடைத்தது. 1934 இல் அத்திருத்தம் நீக்கப்பட்டபோதும் தளம் நீங்கவில்லை. 1959 இன் தொடக்கத்தில் கியூபாவின் கரும்பு நிலங்களில் ஏறத்தாழ 40 வீதமும், சுரங்கங்களில் 90 வீதமும், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளில் 80 வீதமும் அமெரிக்கக் கம்பனிகளுக்கே சொந்தமாயிருந்தன. இக்கணக்கை எடுத்துரைத்தவர் கம்யூனிஸ்ட் எவருமல்லர். 1960 இல் சனாதிபதித் தேர்தலில் நின்ற கென்னடியே தமது பிரசார மேடையில் இதனைக் கூறினார்.

கியூபாவுக்கு முன் குவாத்தமாலா வருகின்றது. அங்கு தேர்தலில் மக்களின் வாக்கைப் பெற்று வந்தவர் ஹக்கோபோ ஆர்பென்ஸ். அவர் 1952 இல் நிலச்சீர்திருத்தச் சட்டமொன்றை இயற்றினார். தரிசாகக் கிடந்த பெருந்தோட்ட நிலத்தை எடுத்து நிலமற்ற உழவருக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் நோக்கம். யுனைற்றெட் புரூட் கம்பனியின் நிலத்துக்கு, வரிப் பத்திரத்தில் அக்கம்பனி தானே காட்டிய பெறுமதியின்படி 627,572 டொலர் தருவதாக அரசு கூறிற்று. அமெரிக்க அரசோ 15,854,849 டொலர் கேட்டது. வரி கட்டுமிடத்தில் ஒரு விலை, நஷ்டஈடு பெறுமிடத்தில் வேறொரு விலை! முதலாளித்துவத்தின் ஒழுக்கநூலை மாணவருக்கு விளக்க இவ்விரு தொகைகளைக் கரும்பலகையில் எழுதினாற் போதும். 1954 இல் அமெரிக்க உளவுத்துறை திரட்டி அனுப்பிய சில நூறு பேர் கொண்ட படையொன்று எல்லையைக் கடந்தது. ஆர்பென்சின் சொந்த இராணுவமே அவரைக் கைவிட்டது. அவ்வாண்டு ஜூன் 27 இல் அவர் பதவி துறந்தார்.

ஆர்பென்ஸ் எதிர்க்கட்சிகளை ஒழிக்கவில்லை. எதிர்ப் பத்திரிகைகளை மூடவில்லை. பழைய இராணுவத்தைக் கலைக்கவில்லை. அவர் வீழ்ந்தபோது அந்நகரில் இருபத்தாறு வயதான ஆர்ஜென்ரீன வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஏர்னெஸ்ரோ குவேரா. அந்த இளைஞர் அங்கு கற்ற பாடம் யாது என்பதை நாம் ஊகிக்கவேண்டியதில்லை. கியூபாவில் வெற்றி கிட்டியவுடன் பழைய இராணுவம் கலைக்கப்பட்டதிலும், படைக்கலங்கள் குடிப்படையினர் கையில் வழங்கப்பட்டதிலும் அப்பாடம் எழுதப்பட்டிருக்கின்றது. ஜனநாயக வழியில் நின்ற மிதவாதியைக் கவிழ்த்த வல்லரசு, அடுத்து வருபவன் மிதவாதியாக இரான் என்பதையும் அன்றே முடிவு செய்துவிட்டது.

இனிக் கியூபாவின் காலவரிசையைப் பார்ப்போம். காலவரிசை சலிப்பூட்டுவதென்று மாணவர் முறையிடுவதுண்டு. ஆயினும் முன்னது எது, பின்னது எது என்று தெரியாதவனுக்குக் காரணம் எது, காரியம் எது என்பதும் தெரியாது. 1959 ஜனவரி முதலாம் நாள் பற்றிஸ்டா தப்பியோடினார். ஏப்ரலில் பிடல் காஸ்ட்ரோ அமெரிக்கப் பத்திராதிபர் சங்கத்தின் அழைப்பையேற்று வாஷிங்டன் சென்றார். சனாதிபதி ஐசன்ஹோவர் அவரைச் சந்திக்கவில்லை. உபசனாதிபதி நிக்சனே சந்தித்தார். மே 17 இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரைப் பொது உச்சவரம்பாக வைத்த அச்சட்டத்தைப் பொதுவுடைமை என்று அழைப்பவர், ஆயிரம் ஏக்கர் எவ்வளவு என்று அறியாதவரேயாவர். நஷ்டஈடு 20 ஆண்டுக் கடன்பத்திரங்களாக, நாலரை வீத வட்டியுடன், வரிப் பெறுமதியின்படி வழங்கப்படும் என்றது சட்டம். உடனடியாக, முழுப் பெறுமதிக்கும் தரவேண்டும் என்றது வாஷிங்டன். குவாத்தமாலாவின் பழைய பல்லவிதான்.

1960 பெப்ரவரியில் சோவியத் தலைவர் மிக்கோயன் ஹவானா வந்து, சீனி வாங்கவும் 10 கோடி டொலர் கடன் தரவும் உடன்பட்டார். மார்ச் 17 இல் ஐசன்ஹோவர், கியூப அரசைக் கவிழ்க்க உளவுத்துறை வகுத்த திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தார். அப்போது அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கியூபாவில் தேசியமயமாக்கப்படவில்லை. சோசலிசம் என்ற சொல்லை அரசு தன் பெயராகச் சூடிக்கொள்ளவுமில்லை. ஏப்ரல் 6 இல் அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் உயர் அதிகாரியான லெஸ்ரர் மலோரி ஒரு குறிப்பு எழுதினார். கியூப மக்களுட் பெரும்பாலோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கின்றனர் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவ்வரசுக்குப் பணமும் பொருளும் கிட்டாமற் செய்து, கூலியைக் குறைத்து, பசியையும் மனமுறிவையும் உண்டாக்கி, அதனால் ஆட்சியை வீழ்த்தவேண்டும் என்பது அவரது யோசனை. பின்னாளில் அமெரிக்க அரசே இவ்வாவணத்தை வெளியிட்டது. ஒரு மக்களின் பசியைக் கருவியாக்குவோம் என்று இவ்வளவு துலாம்பரமாக எழுதிவைத்த ஆவணங்கள் சரித்திரத்தில் அதிகமில்லை.

ஜூனில் ரெக்சாக்கோ, எஸ்ஸோ, ஷெல் ஆகிய கம்பனிகள், தம் நிலையங்களிற் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபா அந்நிலையங்களைக் கையேற்றது. ஜூலை 6 இல் அமெரிக்கா அவ்வாண்டு வாங்கவேண்டியிருந்த மிகுதிச் சீனி 700,000 தொன்னையும் இரத்துச் செய்தது. ஆகஸ்டில் அமெரிக்கக் கம்பனிகள் தேசியமயமாயின. ஒக்டோபரில் ஏற்றுமதித் தடை வந்தது. 1961 ஜனவரியில் இராசதந்திர உறவு அறுந்தது. வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஒவ்வொரு படியிலும் ஹவானாவின் நடவடிக்கை எதுவோ அதனிலும் பெரிய அடி வாஷிங்டனிலிருந்து விழுந்தது, ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மொஸ்கோவின் வாசல் ஓரங்குலம் கூடுதலாகத் திறந்தது. 1959 இல் கியூபா தேடியிராத துணையை 1960 இல் தேடவைத்தது எந்த நூலின் போதனையுமன்று. விற்கமுடியாத சீனியும் வாங்கமுடியாத எண்ணெயுமே.

இதை நம்ப மறுப்போர் எமது நாட்டின் அனுபவத்தையே எண்ணிப் பார்க்கட்டும். 1952 டிசம்பரில் சீனாவுடன் றப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தது எந்தப் புரட்சி அரசு? டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு! கம்யூனிசத்தைக் கனவிலும் விரும்பாத கட்சி அது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை சரிந்தது. அரிசி விலை ஏறிற்று. அமெரிக்காவிடம் நியாயமான விலை கிடைக்கவில்லை. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி தருவதாகச் சீனா உடன்பட்டபோது, அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கா கையொப்பமிட்டார். அதற்குத் தண்டனையாக அமெரிக்க உதவி எமக்கு மறுக்கப்பட்டது. வயிறு தேடும் வழிக்குச் சித்தாந்தத்தின் அநுமதி வேண்டியதில்லை என்பதை வலதுசாரிகளே நிரூபித்தனர்.

எண்ணெயிலும் எமது கதை கியூபாவின் கதையோடு ஒட்டியதே. 1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. மலிவான சோவியத் எண்ணெயை இறக்குமதி செய்யவும், 1962 இல் எஸ்ஸோ, கல்ரெக்ஸ், ஷெல் கம்பனிகளின் சொத்துக்களுள் ஒரு பகுதியைக் கையேற்கவும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசு துணிந்தது. அமெரிக்கச் சொத்தைக் கையேற்று உரிய நஷ்டஈடு வழங்காத நாட்டுக்கு உதவியை நிறுத்தவேண்டும் என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தம் அவ்வாண்டே வாஷிங்டனிற் சட்டமாயிற்று. அச்சட்டம் 1963 பெப்ரவரியில் முதன்முதலாக எந்த நாட்டின்மீது பிரயோகிக்கப்பட்டது? இச்சிறு தீவின்மீதே. 1965 இல் ஆட்சி மாறி, கம்பனிகளுக்கு நஷ்டஈடு தர உடன்பட்ட பின்னரே உதவி மீண்டது. நாம் முற்றுகையிடப்படவில்லை, படையெடுக்கப்படவுமில்லை. எம் கரை புளோரிடாவிலிருந்து தொண்ணூறு மைல் தூரத்தில் இல்லை என்பதும் அதற்கொரு காரணமாகலாம்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி உள்ளே என்ன செய்கின்றது? புரட்சி என்பது ஒரே மனமுடைய ஒருவன் அன்று. வெற்றி நாளன்று ஹவானாவிற் கூடியிருந்தோருள் தேர்தலை வேண்டிநின்ற தாராளவாதிகள் இருந்தனர். பொருளியல் அறிஞர் இருந்தனர். கத்தோலிக்க இளைஞர் இருந்தனர். மலையிலிருந்து இறங்கிய கெரில்லாக்கள் இருந்தனர். பழைய கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். வாஷிங்டனோடு பேசித் தீர்க்கலாம் என்றவரின் வாதம் ஒவ்வொரு தடை உத்தரவோடும் வலுவிழந்தது. எதிரி வருகிறான், ஆயுதம் எடுங்கள் என்றவரின் வாதம் ஒவ்வொரு குண்டோடும் வலுத்தது. 1961 ஏப்ரல் 15 இல் கியூப விமானத்தளங்கள்மீது குண்டுகள் வீழ்ந்தன. மறுநாள், மாண்டோரை அடக்கம் செய்யும் நிகழ்வில், இது சோசலிசப் புரட்சி என்று காஸ்ட்ரோ முதன்முதலாகப் பிரகடனம் செய்தார். 17 இல் ஏறத்தாழ 1,400 பேர் பன்றிக் குடாவில் இறங்கி, மூன்று நாளுக்குள் முறியடிக்கப்பட்டனர். அந்நாட்களில் சந்தேகத்தின்பேரில் பல்லாயிரவர் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுட் பலருக்கும் படையெடுப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. படையெடுத்தவன் தோற்றுப்போனான், ஆனால் அயலவனை அயலவன் கண்காணிக்கும் வழக்கம் அத்தீவில் வேரூன்றிவிட்டது.

இங்கு நிறுத்திவிட்டால் எமது அணியிலுள்ள நண்பர்கள் மகிழ்வர். நிறுத்த முடியாது, காலவரிசையே தடுக்கிறது. பற்றிஸ்டாவின் ஆட்கள் பல நூற்றுவர் அவசர விசாரணைகளின் பின் சுட்டுக்கொல்லப்பட்டமை 1959 இன் முதல் மாதங்களில் நிகழ்ந்தது. தடை எதுவும் அப்போது இல்லை. புரட்சிப்படைத் தளபதிகளுள் ஒருவரான ஊபர் மாத்தோஸ், கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கைக் கண்டித்துப் பதவி விலகியதற்காக 1959 ஒக்டோபரில் கைதாகி, 20 ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார். வாக்களிக்கப்பட்ட தேர்தல்கள் எதற்கு என்று 1960 மே தினத்தன்று காஸ்ட்ரோ கேட்டபோது சீனிக் கொள்வனவு இன்னும் நிறுத்தப்படவில்லை. ஆகவே சர்வாதிகாரத்தின் வித்தை வாஷிங்டனே கொண்டுவந்து தூவியது என்பது பொய். வித்து மண்ணிலேயே இருந்தது. அதனோடு வேறு வித்துக்களும் அம்மண்ணில் இருந்தன. அவற்றுள் எது முளைக்கவேண்டும், எவை கருகவேண்டும் என்பதைத் தீர்மானித்த வெயில் வடக்கேயிருந்து அடித்தது என்பதே நாம் சொல்லக்கூடியது. அதற்குமேற் சொல்வது வழக்கறிஞர் தொழில்.

மற்ற வல்லரசின் கதை என்ன? அதனைப் பேசும்போது எம்மவருட் பலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 1962 ஒக்டோபரில் உலகை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுசென்ற ஏவுகணைகள் கியூப மண்ணிலேயே நின்றன. அவற்றை அகற்ற குருஷ்சேவ் கென்னடியோடு உடன்பட்டபோது, அம்மண்ணின் அரசை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனிக்கு நல்ல விலை கொடுத்தது சோவியத் யூனியன் என்பது உண்மை. அந்த நல்ல விலையே கரும்பை விட்டு வேறு பயிருக்கும் தொழிலுக்கும் மாறவேண்டும் என்ற சே குவேராவின் திட்டத்தைப் படுக்கையிற் போட்டது என்பதும் உண்மை. 1970 இல் ஒருகோடி தொன் சீனி எடுப்போம் என்று நாடே கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 85 இலட்சம் தொன். ஏனைய தொழில்கள் யாவும் அவ்வாண்டிற் சீர்குலைந்தன. அமெரிக்காவுக்குக் கரும்பு வெட்டிய தீவு சோவியத்துக்குக் கரும்பு வெட்டியது.

1968 தொடக்கத்தில் சோவியத் எண்ணெய் வரத்து போதாமையால் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் தாங்கிகள் செக்கோஸ்லவாக்கியாவுக்குள் நுழைந்தன. ஆகஸ்ட் 23 இல் காஸ்ட்ரோ பேசினார். அந்நாட்டின் இறைமை மீறப்பட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் மீறியது அவசியமே என்றார். பிளாற் திருத்தத்தின் கீழ் வாழ்ந்த ஒரு மக்களின் தலைவர், சிறிய நாடொன்றின் இறைமையை வல்லரசு மீறுவதற்கு அவசியம் என்று பெயர் சூட்டினார். அந்நாளில் அவரைப் போற்றி எழுதியவர் எம்மிடையேயும் இருந்தனர். அவர்கள் கட்டுரைகள் நூலகங்களில் இன்னும் தூசு படிந்து கிடக்கின்றன.

1991 இல் சோவியத் யூனியன் மறைந்தது. கியூபாவின் தேசிய உற்பத்தி நாலாண்டில் மூன்றிலொரு பங்குக்கு மேலாக வீழ்ந்தது. சோவியத் அபாயத்துக்காகவே தடை என்று முப்பதாண்டுகளாகக் கூறிவந்த வாஷிங்டன் அப்போது என்ன செய்தது? 1992 இல் ஒரு சட்டத்தாலும் 1996 இல் ஹெல்ம்ஸ் – பர்ட்டன் சட்டத்தாலும் தடையை இன்னும் இறுக்கிற்று. மலோரியின் குறிப்பு அவ்வளவு காலத்தின் பின்னும் உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் 2021 ஜூலை 11 இல் கியூப நகரங்களின் வீதிகளில் இறங்கியவர்கள் மலோரியின் பேரர்கள் அல்லர். மருந்தும் உணவும் மின்சாரமும் இல்லையென்று, பேசவும் இடமில்லையென்று கூவியவர்கள் புரட்சியின் பள்ளிக்கூடங்களிற் படித்த பிள்ளைகள். 790 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டதாகக் கியூப அரசின் சட்டத் துறையே அடுத்த ஆண்டு அறிவித்தது. அவர்களுட் பதினாறு, பதினேழு வயதினரும் இருந்தனர். எமது உயர்தர வகுப்பில் முன் வாங்கில் இருக்கும் வயது அது. உணவில்லாமைக்குத் தடையைக் காரணம் காட்டலாம். பெருமளவுக்கு அது நியாயமுமாகும். பதினேழு வயதுப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியமைக்கு எந்த அமெரிக்கச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது?

எழுத்தாளருக்கு நேர்ந்ததையும் இலக்கிய ஏடு ஒன்றிற் சொல்லாமல் விடலாகாது. ஹெபெர்ட்டோ பாடில்லா என்ற கவிஞரின் தொகுதிக்கு 1968 இல் கியூப எழுத்தாளர் சங்கத்தின் பரிசு கிடைத்தது. நடுவர்களின் தீர்ப்பைத் தட்டிக்கழிக்க முடியாத சங்கம், நூலின் முகப்பிலே தன் மறுப்புரையையும் சேர்த்து அச்சிட்டது. 1971 மார்ச்சில் அவர் கைதானார். முப்பத்தெட்டு நாளின் பின் விடுதலையாகி, ஏப்ரல் 27 இல் அதே சங்கத்தின் மண்டபத்தில் நின்று தம்மைத் தாமே இகழ்ந்தும், தம் மனைவியையும் நண்பர்களையும் குற்றஞ்சாட்டியும் பேசினார். அதுவரை கியூபாவைக் கொண்டாடிய சாத்தரும் சிமோன் த போவாவும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்றிக் குடா முடிந்து பத்தாண்டு ஆகியிருந்தது. ஒரு கவிதைத் தொகுதி எந்தக் கரையிற் படையிறக்கப் போகிறதென்று அவ்வரசு அஞ்சிற்றோ நாமறியோம்.

அதே 1971 ஏப்ரலில் எமது நாட்டில் நிகழ்ந்ததை எமது தலைமுறை பாடநூலிற் படிக்கவில்லை. மூத்தோர் வாயிலாகவே கேட்டறிந்தது. சே குவேராவின் பெயரால் அழைக்கப்பட்ட தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் படைக்கலம் ஏந்தி எழுந்தனர். அவர்களது வழியை நாம் இங்கு ஆராயவில்லை. மலையகத் தமிழ்த் தொழிலாளர் பற்றி அவர்கள் நடத்திய வகுப்பு எத்தகையது என்பதை மறக்கவுமில்லை. நாம் காட்ட விரும்புவது வேறு. அவ்விளைஞரை ஒடுக்க ஸ்ரீமாவோ அரசுக்குக் கைகொடுத்தவர் யார்? அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் யூனியன், இந்தியா, பாகிஸ்தான். எல்லைப் போரில் மோதிக்கொண்ட சோவியத்தும் சீனாவும், வங்கத்தின் பொருட்டு அவ்வாண்டே போருக்குச் செல்லவிருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் இவ்வொரு கருமத்தில் ஒன்றாயின. சீனப் பிரதமர் சூ என்லாய் அநுதாபக் கடிதமும் வட்டியில்லாக் கடனும் அனுப்பினார். மாண்ட இளைஞர் ஆயிரக்கணக்கினர். எந்தச் சித்தாந்தம் எந்தத் தலைநகரிலிருந்து வருகிறது என்று வரைபடத்திற் குறித்துவைத்திருந்த எம் தோழர்கள் அவ்வேளை அவ்வரைபடத்தை எங்கே ஒளித்தனர்? அவர்களுட் சிலர் அமைச்சரவையிலேயே இருந்தனர்.

அடுத்த ஆண்டு, 1972 மே 22 இல், அவ்வரசு புதிய அரசியலமைப்பை நிறைவேற்றிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடமும், அரசகரும மொழியாகச் சிங்களத்துக்குத் தனியிடமும் அதில் எழுதப்பட்டன. சிறுபான்மையினரின் காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. அதனை உருவாக்கும் பொறுப்பிலிருந்த அமைச்சர், 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. அக்காலத்திலேயே பல்கலைக்கழக அநுமதியில் தரப்படுத்தலும் வந்தது. எம் ஆசிரியர்களின் வகுப்புத் தோழர் பலர் அதனோடு படிப்பை முடித்துக்கொண்டனர். கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே அப்போது எந்தப் போர்க்கப்பலும் முற்றுகையிட்டு நிற்கவில்லை. தேயிலையை எவரும் வாங்க மறுக்கவில்லை. 1963 இல் நின்ற உதவியும் எப்போதோ மீண்டிருந்தது. முற்றுகையைக் காட்டிக் கியூபாவின் ஒவ்வொரு செயலுக்கும் நியாயம் எழுதும் நண்பர்கள், இந்த அரசியலமைப்புக்கு எந்த வல்லரசைக் காரணம் காட்டப்போகின்றனர் என்று கேட்கிறோம். அவர்கள் எழுதும் மறுமொழியை இவ்வேட்டின் பக்கங்களிலேயே வாசிக்க விரும்புகிறோம்.